படித்துக் காட்டாத பதினோரு பக்கங்கள்

என் தம்பி மேடையில் பேசினால் கைதட்டுவார்கள். சென்னையில் ஒரு கல்லூரியில் பேராசிரியர், குரலும் அதற்கேற்றபடி. போன மாதம் பொன்னமராவதியில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு அவனைத்தான் சிறப்புப் பேச்சாளராகக் கூப்பிட்டிருந்தார்கள். பேச எடுத்துக்கொண்டது ஒரு பழைய நாவல். வானம் பார்த்த ஊரில் பிறந்த ஒரு பையன் வளர்ந்து ஆளாகி, ஒரு விடியற்காலையில் வீட்டை விட்டுப் போகிற கதை. நாவலின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் தம்பி மாட்டிக்கொள்வான்.

அந்த நாவலை வைத்து எங்கள் வட்டத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு உரக்கடைக்காரர் தலைவர். "பெத்த அப்பன அம்போன்னு விட்டுட்டுப் போறவனெல்லாம் கதாநாயகனாங்க?" என்பார். பதினெட்டு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர் இன்னொரு கட்சி. "போனவனுக்குத்தாங்க தெரியும் அந்த வலி. ஊருக்குள்ள ஒக்காந்துக்கிட்டு நியாயம் பேசுறது லேசு" என்று எகிறுவார். டீ ஆறிப்போகும். பையன் போனது சரியா, தப்பா? ஒவ்வொரு கூட்டத்திலும் இதே பஞ்சாயத்துதான்.

அந்தப் பையனுக்கு நாவலில் ஒரு அக்கா உண்டு. பதினோரு பக்கம் வருகிறாள். இரண்டு கட்சியிலும் அவளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் கண்ணில் பூசணிக்காய் படவே இல்லை. எனக்குக் கோபம் வரும். ஆனால் அந்தக் கோபத்துக்கு எனக்கு யோக்கியதை இல்லை. அவளை முதலில் மறைத்தவள் நான்.

தம்பி பன்னிரண்டாவது எழுதி முடித்த கோடையில் அவனுக்கு அம்மை போட்டது. இமையிலெல்லாம் முத்து, கண்ணைத் திறக்க முடியவில்லை. அம்மா செத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அம்மா போன வருடமே பத்தாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்குச் சோறாக்க, மாட்டைப் பார்க்க, இவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆள் வேண்டுமே. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தவன், "எதையாச்சும் படிச்சுக் காட்டுக்கா" என்றான். நூலகத்தில் எடுத்து வைத்திருந்த அந்த நாவலைப் படிக்க ஆரம்பித்தேன். அம்மை போட்ட வீட்டில் அம்மன் பாட்டுத்தான் படிப்பார்கள். அதனால் வெளியே என் குரலைக் கேட்ட பக்கத்து வீட்டு அம்மா, "நல்லாப் படி தாயி, ஆத்தா மனசு குளிரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் தூங்கும் மத்தியானங்களில், சாயங்காலம் படிக்கவேண்டியதை நான் முன்கூட்டியே படித்துவிடுவேன். அப்படித்தான் அந்தப் பக்கங்களுக்கு வந்து சேர்ந்தேன். அப்பா தலைமாட்டில் சாவியை வைத்துத் தூங்குகிறார். அக்கா அதை எடுத்துக் கதவைத் திறந்து தம்பியை அனுப்புகிறாள். பிறகு அவள் வாங்குகிற அடி, தபால்காரரைப் பார்த்துப் பார்த்து அவள் காத்திருப்பது, ஒரு கடிதம்கூட வராதது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று சாயங்காலம் அதை அவனுக்குப் படித்துக் காட்டவில்லை. சென்னைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். அப்போதெல்லாம் அவனுக்கு இளகின மனசு. கேட்டால், "நான் போகலக்கா" என்று சொல்லியிருப்பான். அவன் போகவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். பதினோரு பக்கத்தையும் தள்ளினேன். விட்ட இடம் தெரியக்கூடாதே என்று நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'யாரும் திறந்துவிடவில்லை, கதவை அவனே திறந்துகொண்டான்.'

அவன் என் பக்கம் திரும்பிப் படுத்தான். "அத இன்னொரு தடவ படிக்கா" என்றான். படித்தேன்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி, உடம்பு தேறி, சென்னைக்குப் போனான். அப்பா கைகால் விழுந்து ஏழு வருடம் படுக்கையில் கிடந்தார். என் கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய்ப் பிறகு நின்றே விட்டது. அப்பா காரியத்துக்கு அவன் இரண்டு நாள் லீவில் வந்தான். யார் மேலும் எனக்குக் குறையில்லை என்று எழுதினால் பொய். அவன் மேல் குறை இருக்கிறது.

கூட்டத்தில், "இந்த நாவலை இருபது முறை படித்திருக்கிறேன்" என்று ஆரம்பித்தான். இரண்டு கட்சிக்காரர்களையும் பேசவிட்டான். பிறகு, "உங்கள் சண்டைக்குப் பதில் நாவலிலேயே ஒரே வரியில் இருக்கிறது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான். "யாரும் திறந்துவிடவில்லை, கதவை அவனே திறந்துகொண்டான். தமிழில் இதற்கு ஈடாக இன்னொரு வரி கிடையாது!" உரக்கடைக்காரர்கூடக் கைதட்டினார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம். அந்தப் புத்தகத்தை அவன் தன் கண்ணால் ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

ஆவூரிலிருந்து பஸ் மாறி வருகிற ஓய்வுபெற்ற டீச்சர் கையில் புத்தகத்தோடு எழுந்தார். "சார், இதுல அப்படி ஒரு வரி இல்லைங்களே. கதவத் தெறந்து விடுறது அவங்க அக்காங்க. அந்தப் புள்ளயப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

தம்பி சிரித்தான். "நீங்க வச்சிருக்கிறது புதுப் பதிப்பு டீச்சர். பின்னாடி என்னென்னமோ சேத்துட்டாங்க. எங்க வீட்ல இருந்தது பழசு. எங்க அக்காவையே கேளுங்க, அவங்கதான் எனக்கு மொதல்ல படிச்சுக் காட்டுனாங்க."

மேடையில் அவன் என்னைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் சாட்சிக்கு. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"பழசுல அப்படித்தாங்க இருந்துச்சு" என்றேன்.

டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தார். அந்த வட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான். இனிமேல் என்னோடு பேசுவாரா, தெரியாது.

மத்தியானம் தம்பி வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "நெசமாவே அதுல அக்கா ஒருத்தி இருக்காளா?" என்று கேட்டான்.

"இருக்கா. கதவத் தெறந்து விட்டவளே அவதான். பதினோரு பக்கம் ஒனக்குப் படிக்காம விட்டுட்டேன். நீ சொன்ன வரி நான் சேத்தது."

பிசைந்த கை நின்றது. ஏன் விட்டாய் என்று கேட்பான் என்று காத்திருந்தேன். அந்த ஒரு கேள்விக்கான பதிலை முப்பத்தைந்து வருடமாக வைத்திருக்கிறேன்.

"நல்லாருக்கேக்கா" என்றான். "நல்ல பாயின்ட். அடுத்த மாசம் திருச்சியில பேசுறேன், அதுல சேத்துக்கிறேன்."

ரசம்கூட ஊற்றிக்கொள்ளாமல் கை கழுவ எழுந்துவிட்டான். காரைப் பின்னால் எடுத்தான். கேட் பாதிதான் திறந்திருந்தது. ஹாரன் அடித்தான். நான் போய்த் திறந்துவிட்டேன்.