மைக் முன்னால் பேசிய தமிழ்

மைக்கை நீட்டினால் போதும், நம் ஆட்கள் மேடையேறிவிடுகிறார்கள். வீட்டில் குழம்பு கொண்டா என்று கத்துகிறவர்கூட அதைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு 'அன்பார்ந்த' என்று ஆரம்பிக்கிறார். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருடம் தமிழ் டீச்சராக இருந்தேன். 'இருக்கிறது' என்பதை 'கீது' என்று எழுதிய நோட்டுகளில் சிவப்பு மையால் அடித்தே கை வலித்த காலம் அது. இப்போது வேலை சிறுசேரியில், ஒரு மென்பொருள் அலுவலகத்தில். மனிதர்களின் பேச்சைக் கம்ப்யூட்டருக்குப் பழக்குகிறார்கள். அதற்கு 'கீது' வேண்டும், 'வூடு' வேண்டும், 'வந்துகினு' வேண்டும். யார் எப்படிப் பேசினாலும் திருத்தக் கூடாது என்பது முதல் விதி. திருத்தாமல் இருப்பதற்கும் ஒரு விதியா என்று முதல் வாரம் முழுக்க மண்டை காய்ந்தது. பகலெல்லாம் 'இன்னா'வை அப்படியே தட்டச்சு செய்துவிட்டு, வீட்டில் கணவர் 'இன்னா' என்றால் 'என்ன' என்று என் வாய் தானாகத் திருத்தியது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பேச்சைப் பதிவு செய்ய மாமல்லபுரத்தில் கடலோரம் ஓர் அறை எடுத்திருந்தோம். கடற்கரையில் மீன் வறுத்து விற்கிற ஓர் அக்கா வந்தார். நான் பள்ளியில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார். முதல் பதிவு தேறிவிட்டால் ஒரு மாதம் தினமும் வந்து பேசும் வேலை. எண்ணெய்ப் புகையில் அவருக்கு இருமல் நிற்பதே இல்லை. ஒரு மாதமாவது அடுப்புப் பக்கம் போகாமல் இருக்கலாமே என்று ஆசையோடு சொன்னார். எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று எனக்கும் இருந்தது.

நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். முதுகை நிமிர்த்திக்கொண்டார். "நேற்றைய தினம் நான் வஞ்சிரம் மீன் வாங்கி வந்தேன். அதனைச் சுத்தம் செய்து, மசாலா தடவி, பக்குவமாக வறுத்தெடுத்தேன்." இப்படியே பத்து நிமிடம். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை, இருமலைக்கூட அடக்கிக்கொண்டார். மூன்று நாளாக டிவி செய்தி கேட்டுப் பழகினாராம். பழைய டீச்சராக இருந்தால் முழு மதிப்பெண் போட்டு வகுப்பையே கைதட்டச் சொல்லியிருப்பேன்.

மதியமே அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது: இயல்பாக இல்லை, தேறாது. வெளியே காத்திருந்த அக்காவை உள்ளே கூப்பிட்டு, மைக்கை ஆன் செய்துவிட்டு, வீட்டில் பேசுவதுபோல இன்னொரு தடவை பேசுங்களேன் என்று மென்று விழுங்கிச் சொன்னேன்.

"இன்னா டீச்சர் இது? சின்னப்புள்ளையில வூட்டுப் பேச்சு பேசுனேன்னு பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சாங்க. இப்ப நல்லா பேசினு வந்தா அதுவும் வாணான்ற. எதுதான் சரி? நீயே சொல்லு."

பள்ளியில் இந்தக் கேள்வியை நான் யோசித்ததே கிடையாது. அன்றைக்கு நான் போட்ட சிவப்புக் கோடுகள் தப்பா, இன்றைக்கு நான் கேட்பது தப்பா என்று புரியாமல் கண்ணை விலக்கியபோதுதான் பதிவு ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அவர் கோபம், இருமல், எல்லாம் ஏறியிருந்தது. அலுவலகம் கேட்டது அச்சு அசலாக இதைத்தான். சந்தோஷம் தாங்காமல், இதை அனுப்பினால் வேலை உங்களுக்குத்தான் அக்கா என்றேன்.

போட்டுக் காட்டச் சொன்னார். ஹெட்போனில் கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. கழற்றி வைத்துவிட்டு, இதை அழித்துவிடு என்றார். தன் மகள் காலேஜில் படிக்கிறாள், அவள் காதில் இது விழக் கூடாது என்றார். அழித்தால் வேலை கிடைக்காதே என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அது தெரியும் என்றார். நான் அழித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

பிறகு காலையில் பேசியதைப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, கடைசிவரை கேட்டார். முகம் மெல்ல மலர்ந்தது.

"பாத்தியா டீச்சர், எவ்ளோ நல்லா பேசிக்கீறேன்" என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.