அப்பா வீட்டு லைன்

அம்மா இறந்தபின் கிள்ளான் வீட்டில் அப்பா தனியாக இருந்தார். எங்களோடு வந்துவிடுங்கள் என்றால் கேட்கிற ஆள் இல்லை. அதனால் ஹாலில் ஒரு கேமரா மாட்டினோம். பிரிக்பீல்ட்ஸில், என் அலுவலகக் கணினியின் ஒரு மூலையில், அந்த ஹால் எப்போதும் திறந்தே இருக்கும்.

கேமரா புதிது, இணைய லைன் அம்மா காலத்தது. படம் அடிக்கடி அப்படியே நின்றுவிடும். நாற்காலியில் அப்பா, தலை ஒரு பக்கம் சாய்ந்து, அசைவே இல்லாமல். நின்றது லைனா, இல்லை அவருக்கே ஏதாவது ஆகிவிட்டதா என்று தெரியாது. ஒருமுறை பக்கத்து வீட்டு ஆன்டிக்குப் போன் போட்டு, ஓடிப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அப்பா ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தாராம். "நான் செத்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிடு" என்று அன்று அவர் போட்ட சத்தம்கூட எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

வேகமான லைனாக மாற்றிவிடலாம் என்றேன். ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் அண்ணனுக்கு என் பயம் புரியவில்லை.

"ஒரு ஆளுக்கு எதுக்கு நூறு எம்பிபிஎஸ் ஸ்பீடு? அப்பா என்ன கேம் விளையாடுறாரா? என் வீட்ல அஞ்சு பேரு, நாங்களே அவ்வளவு போடல லா."

"உன் வீட்டைப் பத்தி யாரு கேட்டா? எனக்குப் படம் நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

வழக்கம்போல் நான்தான் கத்தி ஜெயித்தேன். பழைய கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டார்கள்.

மறுநாள் படம் தண்ணீர் மாதிரி ஓடியது. காற்றாடி சுற்றுவதுகூடத் தெரிந்தது. அப்பா நாற்காலியில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். தோள்கள் குலுங்கின. இருமுகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அம்மா இறந்த அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

உடனே போன் போட்டேன். பக்கத்தில் மேசைமேல் அது அடிப்பதை அவர் பார்த்தார். எடுக்கவில்லை. முகத்தை அழுந்தத் துடைத்தார், எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், பிறகு அவரே கூப்பிட்டார்.

"குளிச்சிக்கிட்டு இருந்தேம்மா. நீ வேலையப் பாரு, நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவ்வளவு உற்சாகமான குரல். "சரிப்பா" என்றேன்.

போனை வைத்துவிட்டு அவர் மறுபடி துண்டைக் கையில் எடுத்தார். இந்த லைன் கொஞ்ச நேரம் நின்று தொலையாதா என்றிருந்தது எனக்கு.