சந்தையில் வாங்கிய ஊதா ஜாக்கெட்

யுத்த காலத்தில் துணிக்கும் ரேஷன் கார்டு வந்தபோது நான் விழுப்புரத்தில் ரயில்வே லைன் வீடு ஒன்றில் குடித்தனம் செய்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் லோகோ ஷெட்டில் பயர்மேன். மாதத்தில் பாதி நாள் வண்டியோடு போய்விடுவார். அப்பா இறந்த பிறகு கோலியனூரிலிருந்து அம்மாவும் தங்கையும் எங்களோடு வந்து சேர்ந்திருந்தார்கள். கார்டுக்குக் கிடைத்த மல் துணியை ஒரு தரம் துவைத்தால் கஞ்சி போய் வலைதான் மிஞ்சும். அதை வாங்குவதற்கும் விடிகாலையிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். நின்று நின்று, கடைசியில் தீர்ந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பிய நாட்கள்தான் அதிகம்.

அதனால் திண்டிவனம் சந்தையில் பழந்துணி வாங்க ஆரம்பித்தேன். ரயில் பாஸ் இருந்தது. சந்தையின் கடைக்கோடியில், மாடு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில், ஒருவர் கோணியை விரித்து மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவார். அங்கே வரும் பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ஏதோ வெங்காயம் பார்க்க வந்தவர்கள் மாதிரி குனிவார்கள். எனக்கு அந்த நாடகமெல்லாம் வராது. திருடவா போனேன்? கோணியின் மேலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். "யம்மா, துணி வாங்க வந்தியா, பேன் பாக்க வந்தியா?" என்று கடைக்காரர் சலித்துக்கொள்வார்.

அந்தத் துணி எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அவர் உடுத்தியவை ஊர் வண்ணாருக்குப் போகும். பஞ்சம் வந்த பிறகு அவர்கள் அதை மூட்டைக்காரரிடம் கொடுத்துவிட்டு அரிசி வாங்கினார்கள். வயிறு எல்லோருக்கும்தானே இருக்கிறது. நான் மூட்டையை நேரே வீட்டுக்குள் கொண்டுவரமாட்டேன். கொல்லையில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரில் வேகவைத்து, நல்ல வெயிலில் காயப்போட்ட பிறகுதான் உள்ளே வரும். அப்படியும் அம்மா மூக்கைச் சுளிப்பாள்.

பிறகு பிரிக்கிற வேலை. நூலும் கிடைக்காத காலம் என்பதால் பிரித்த நூலைத் தீக்குச்சியில் சுற்றி வைப்பேன். கோட்டின் உள்துணியில் குழந்தைக்குச் சட்டை, நைந்த பட்டுப்புடவையின் கரையில் ஜாக்கெட் கைக்குப் பட்டை, பாண்டிச்சேரி பக்கமிருந்து வந்த கவுனில் பாவாடை என்று ஒன்றை இன்னொன்றாக்குவேன். லைனில் ஒரு டிரைவர் வீட்டம்மா சங்கிலித் தையல் போடுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன். எங்கே ஓட்டையோ அங்கே பூ. எங்கே கறையோ அங்கே இலை. பார்க்கிறவர்கள் அழகுக்குப் போட்டது என்று நினைப்பார்கள்.

ஒன்று மட்டும் போகவே போகாது. அது வண்ணார் குறி. யார் வீட்டுத் துணி என்று அடையாளம் தெரிய, சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் வீட்டுக்கு ஒரு குறி போடுவார்கள். துணி கிழிந்தாலும் குறி நிற்கும். அதையும் ஒரு பூவால் மூடிவிடுவேன்.

துணியைப் பிரிக்கும்போது அதைப் போட்டிருந்தவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும். இடுப்புப் பக்கம் ஒன்று மட்டும் நைந்திருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள். முன்கை முழுக்கக் கரியென்றால் அடுப்படியிலேயே கிடந்தவள். ஒரு தரம் ஒரே வண்ணார் குறியோடு ஜாக்கெட்டுகள் இரண்டு கிடைத்தன. ஒன்று ஊதா, ஒன்று பச்சை. ஊர்ப்பக்கத்தில் பெரும்பாலோர் ஜாக்கெட்டே போடாத நாட்கள் அவை. அதனால் கொஞ்சம் வசதியான வீட்டுத் துணி என்று தெரிந்தது. இரண்டின் பக்கத் தையலும் விசித்திரமாக இருந்தது. முதலில் தையற்காரர் போட்ட மெஷின் தையல். அதற்கு உள்ளே, விரல் அகலம் தள்ளி, அதே நிற நூலில் அழகான கைத்தையல். அதற்கும் உள்ளே இன்னொன்று. நூல் வெள்ளை, தையல் கோணல். கடைசியாக ஒன்று, பெரிது பெரிதாக, குழந்தை போட்டது போல. ஒவ்வொரு தையலுக்கும் இடையில் துணியின் நிறம் ஒவ்வொரு விதமாக வெளுத்திருந்தது. ஒவ்வொரு தரமும் பிடித்துத் தைத்த பிறகு பல நாள் உடுத்தித் துவைத்திருக்கிறார்கள். அக்காள் ஜாக்கெட்டைத் தங்கை, தங்கை ஜாக்கெட்டை அவளுக்கும் இளையவள் என்று போட்டிருப்பார்கள் என நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலேயே அப்படித்தானே நடந்தது.

அந்தச் சமயத்தில்தான் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். கழனி, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை, இரண்டு ஜோடி மாடு. மாப்பிள்ளைக்கு முப்பது வயது; ரெண்டாந்தாரம். முதல் மனைவி மூன்று நாள் ஜுரத்தில் போய்விட்டாள், பிள்ளையில்லை என்று சொன்னார்கள்.

அம்மா அந்த வரனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மருமகன் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் அவர் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா கொல்லைக்குப் போய்விடுவாள். தங்கை கழுத்தில் தாலி ஏறிவிட்டால் தான் கோலியனூருக்கே போய்க் கூலி வேலை செய்து பிழைத்துக்கொள்வேன் என்பாள். "ரெண்டாந்தாரமா இருந்தா இன்னாடி? மூணு வேளை சோறு இருக்குது. இந்தக் காலத்துல வேற இன்னா வேணும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். தங்கையும் சரி என்றாள். என் கையால் ஒட்டுப்போட்டதையே உடுத்தி உடுத்தி அவளுக்கு அலுத்திருந்தது. "கூறைப் பொடவையாவது புதுசா இருக்குமில்லக்கா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை.

பெண் பார்க்க வரும் நாளுக்கு அவளுக்கு நல்லதாக ஒன்று வேண்டும். ஊதா ஜாக்கெட்டை எடுத்தேன். பழைய தையல்களை எல்லாம் பிரித்து, அவள் உடம்புக்குத் தகுந்தபடி தளர்த்தித் தைத்தேன். கையில் சரிகைப் பட்டை வைத்தேன். முதுகில் கழுத்தோரம் இருந்த வண்ணார் குறியின் மேல் சிவப்பு நூலில் ஒரு பூ. அந்தக் குறி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்று புள்ளி, கீழே வாலை வளைத்த ஒரு கோடு. போட்டுப் பார்த்துவிட்டுத் தங்கையே சிரித்தாள். பச்சை ஜாக்கெட்டைப் பிரிக்க நேரமில்லாமல் கூடையிலேயே போட்டுவைத்தேன்.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் காலை வண்டியில் வந்தார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்கும் வண்டியோடு போயிருந்தார். மாப்பிள்ளை அதிகம் பேசாத ஆள். கொல்லையில் கை கால் கழுவிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டில் துடைத்து, அதைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். நான் வெல்லக் காப்பிக்கு விறகு எடுக்கப் போனேன். கொடியில் துண்டின் முனை என் முகத்துக்கு நேரே தொங்கியது. மூன்று புள்ளி. கீழே வாலை வளைத்த கோடு.

விறகைக் கீழே போட்டுவிட்டேன். வேறு ஊர் வண்ணாரும் அதே குறி போடலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அப்படியில்லை என்று மனசு அடித்துக்கொண்டது. இறந்தவள் துணியைத் தங்கை உடுத்தியிருக்கிறாளே என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அந்த நாலு தையல்தான் கண்ணில் நின்றது. அக்காளும் இல்லை, தங்கையும் இல்லை. ஒரே பெண்தான் அந்த ஜாக்கெட்டை மறுபடி மறுபடி பிடித்துத் தைத்திருக்கிறாள். கடைசித் தையல் போடும்போது அவளுக்கு ஊசியைச் சரியாகப் பிடிக்கவும் தெம்பில்லை. மூன்று நாள் ஜுரத்தில் எவளுக்காவது அப்படி உடம்பு கரையுமா?

காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன். தங்கை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை ஒரு தரம் அவளைப் பார்த்தார். பார்வை ஜாக்கெட்டில் தடுக்கியது. உடனே தலையைக் குனிந்துகொண்டார். அவர் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் வைத்த சரிகையையும் பூவையும் மெச்சிக்கொண்டிருந்தாள்.

"உங்க மருமவளுக்கு இன்னா உடம்பு?" என்று கேட்டேன்.

"ஜுரம்மா. மூணே நாளு. அவ விதி."

"அதுக்கு முன்ன நல்லா இருந்தாங்களா?"

"ஏண்டி, வந்தவங்களப் போட்டு இப்பிடிப் பேஜாரு பண்ற?" என்று அம்மா என் கையைக் கிள்ளினாள்.

நான் போய்க் கூடையிலிருந்து பச்சை ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, அவர்கள் முன்னால் பாயில் வைத்தேன். "இது திண்டிவனம் சந்தையில வாங்கனதுங்க. உங்க துண்டுல இருக்கற குறிதான் இதுலயும் இருக்குது. ஜுரத்துல போனவங்க எதுக்குங்க இத்தினி தரம் புடிச்சித் தெச்சிக்கினு இருந்தாங்க?"

அந்த அம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. "எந்த ஊர்ல எவளோ போட்டது. எடுத்துக்கினு வந்து நடு வூட்ல வைக்கிறியே, நல்ல நாளும் அதுவுமா" என்று எழுந்தாள். மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. ஜாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தையலை விரலால் தடவினார்.

"இது அவளுதுதாங்க" என்றார்.

"டேய், வாய மூடு" என்றாள் அவர் அம்மா.

அவர் என்னைப் பார்க்காமல் ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். "தின்னதெல்லாம் வாந்தி எடுத்துக்கினு இருந்தா. வருசத்துக்கு மேல இருக்கும். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்னு சொன்னேன். மல்லாட்டை புடுங்கற நேரம், அப்பறம் பாக்கலாம்னாங்க. அப்பறம் நெல்லு அறுப்பு வந்துது. நானும் சும்மா இருந்துட்டேங்க."

"எல்லார் வூட்லயும் நடக்கறதுதான். நாங்க மட்டும் கொன்னுட்டமா?" என்று அந்த அம்மாள் அழ ஆரம்பித்தாள். அவள் அழுகை பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏதாவது சுடச்சுடச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தங்கை பேசினாள். அந்நிய ஆண் முன்னால் அவள் குரல் எழுப்பி நான் கேட்டதில்லை.

"நீங்க நெசத்த சொன்னீங்க. சந்தோசங்க" என்றாள். "ஆனா சும்மா இருக்கறவரோட எப்பிடிங்க வாழறது?"

அவர் ஜாக்கெட்டை மடித்தார். தலையை மட்டும் ஆட்டினார். தங்கை எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வேறு ஜாக்கெட்டோடு வந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அம்மாவைப் பார்க்கப் பயந்துகொண்டு காப்பி டம்ளர்களை எடுத்தேன். யாரும் குடித்திருக்கவில்லை.

புறப்படும்போது மாப்பிள்ளை பச்சை ஜாக்கெட்டைக் கையிலேயே வைத்திருந்தார். "இத நான் எடுத்துக்கினு போலாமா?" என்று கேட்டார். கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "வெச்சிட்டுப் போங்க தம்பி" என்றாள்.

அவர் வைத்துவிட்டுப் போனார். துண்டை எடுக்க மறந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

அம்மா இனி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று தெரியும். அவள் கோலியனூருக்குப் போகிற வழியை நான் அடைத்துவிட்டேன். இன்னும் எத்தனை காலமோ என் வீட்டுக்காரர் சாப்பிடும்போதெல்லாம் அவள் கொல்லையில் போய் நிற்க வேண்டும். திட்டினால் திருப்பிச் சொல்ல எனக்கும் வார்த்தைகள் தயாராக இருந்தன. பாத்திரங்களை உருட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். அம்மா அந்த ஜாக்கெட்டை மடியில் விரித்து, கடைசித் தையலின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, இந்தப் பொண்ணுக்கு அம்மா இருப்பாளா?"

"தெரியலம்மா."

"இருந்தா, அவ கிட்டயும் மூணு நாள் ஜுரம்னுதான சொல்லியிருப்பாங்க?"