அகிம்சைக் கூட்டத்துக்கு ஒரு தடி

பக்கத்துப் பிரெஞ்சுச் சீமையில் ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்களாமே என்று கடலூரில் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். கண்ணால் பார்த்துவிடலாம் என்று சென்ற மாசியில் பாகூருக்குக் கிளம்பினேன். அங்கே 'அகிம்சையும் பொதுநலமும்' என்று ஒரு பொதுக்கூட்டம். முடிவில் கடைமடைக்கு ஏரித் தண்ணீர் விடுவது பற்றி ஓட்டெடுப்பு. நோட்டீசில் 'தடியில்லாமல் வரவும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தமாஷ் என்று நினைத்தேன்.

காலை ஆறு மணிக்கு மாட்டுவண்டி. ஒன்பது மைல், வாடகை பத்தணா. எல்லைச் சாவடியில் என் புளிச்சோற்றைக் கிளறிப் பார்த்ததில் அரைமணி போயிற்று. அங்கே கோவிந்தன் வண்டியில் ஏறிக்கொண்டார். கடைமடை விவசாயி. மறுநாளுக்குள் மதகு திறக்காவிட்டால் அவருடைய நாற்று கருகிவிடும். கடைமடையிலிருந்து அவர் ஒருவர்தான் வந்தார், மற்றவர்களுக்குப் பயம்.

பத்து மணிக்கு ஏரிக்கரை. மேல்மடைக்காரர்கள் பதினைந்து பேர், பதினைந்து தடி. ஓட்டு என்றால் இங்கே கை தானாகத் தடியைத் தேடுமாம்.

புதுச்சேரி வாத்தியார் ஒருவர் அகிம்சை பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். அது கொஞ்சம் இம்சைதான். பிறகு கை தூக்கச் சொன்னார். ஓட்டுக்காரர்கள் பதினாறு பேர், எண்ணியதில் இருபத்தேழு கை.

"ரெண்டு கை இருக்குதே, இன்னா பண்ணச் சொல்ற?" என்றார் ஒருவர்.

வாத்தியாருக்கு ஒரு யோசனை. ஆளுக்கு ஒரு தடிதானே? மதகைத் திறக்கலாம் என்பவர்கள் தடியை வலப்பக்கம் போடட்டும், கூடாது என்பவர்கள் இடப்பக்கம். வலத்தில் ஏழு, இடத்தில் எட்டு விழுந்தன. கூட்டம் கலையப் பார்த்தது.

கோவிந்தன் எழுந்தார். "கைய வீசிக்கினு வான்னு எழுதியிருந்தீங்க, வந்தேன். இப்ப தடி இல்லன்னா ஓட்டு இல்லியா?"

வாத்தியார் நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கே வெட்கமாக இருந்தது.

மேல்மடைக்காரர்களில் ஒருவர், தேர்தலென்றால் கூலிக்குத் தடி சுழற்றும் முத்துக்கண்ணு, இடப்பக்கக் குவியலில் தன் தடியைத் தேடி எடுத்துக் கோவிந்தனிடம் நீட்டினார். "இத்த வெச்சிக்கினு எத்தினி பேர வாசல்லியே திருப்பி அனுப்பியிருக்கேன். ஒருத்தனையாவது உள்ள அனுப்பறேன். போடுபா."

கோவிந்தன் வலப்பக்கம் போட்டார். எட்டுக்கு ஏழு. நாலு மணிக்கு மதகு திறந்தது. வாய்க்காலில் தண்ணீரோடு கூடவே அவரும் ஓடினார்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்: குடிதண்ணீர் கொண்டு போங்கள், சாவடியில் சோற்றுமூட்டையை நீங்களே பிரித்துக் காட்டிவிடுங்கள். அகிம்சைக் கூட்டமென்றால் கட்டாயம் ஒரு தடியும் எடுத்துப் போங்கள். நோட்டீசை நம்பி வெறுங்கையோடு வந்தவர் யாராவது இருப்பார், அவரிடம் கொடுக்கலாம்.