குழலி தியரி

சங்கரிக்கு அந்த வீடியோவைக் காட்டியது கீர்த்திதான். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

இருவரும் ஒரே டிசைன் சென்டரில் அடுத்தடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். புடவையின் பார்டருக்கும் முந்திக்கும் கட்டம் கட்டமாகப் படம் போட்டு, தறியில் மாட்டுகிற அட்டைக்கு அனுப்ப வேண்டும். அன்றைக்கு டீ வந்திருந்தது. கீர்த்தி டம்ளரை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, "அக்கா, 'மூச்சில்லா நகரம்' முடியப்போவுதுல்ல, இந்தத் தியரியைக் கேளுங்க, ஆடிப்போயிடுவீங்க" என்றாள்.

'மூச்சில்லா நகரம்' பிணங்கள் எழுந்து நடக்கிற ஒரு வெளிநாட்டுத் தொடர். தமிழில் பேசவைத்துப் பதினோரு சீசன் வந்துவிட்டது. அதில் ஹெலன் என்று ஒரு தாய். ஊரெல்லாம் ஜாம்பி ஆன நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி ஓடியவள். தினமும் சாயங்காலம் ஒரு பழைய ரேடியோவைத் திறந்து, காணாமல்போன தன் மகளிடம் பேசுவாள். "மில்லி, அம்மா இன்னைக்குப் பாலத்துகிட்ட இருக்கேன்." அவ்வளவுதான். பதினோரு சீசனாகப் பதில் வரவில்லை. கடைசி அத்தியாயத்தில் மில்லி வருவாளா என்பதுதான் ரசிகர்களின் பெரிய சண்டை. எதிரிக் கூட்டத்தின் தலைவியே மில்லிதான் என்றது ஒரு கட்சி. அவள் ரத்தத்தில்தான் மருந்து இருக்கிறது என்றது இன்னொன்று. சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு நடக்கிற ஒரு பெண் பிணத்தைக் காட்டி, இதுதான் அவள் என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு.

போனிலிருந்து குரல் வந்தது. "வணக்கம் மக்களே, நான் உங்க தேவா."

சங்கரியின் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. தேவேந்திரன். தாலி கட்டியவன். பிரிந்து வந்த பிறகு அந்தக் குரலை அவள் கேட்டதில்லை.

"மில்லின்னு ஒரு கொழந்தையே கிடையாது மக்களே. எல்லாம் ஹெலனோட கற்பனை. அவ ஒரு மெண்டல். இந்தத் தியரிக்கு நான் வெச்சிருக்குற பேரு, குழலி தியரி. ஏன் அந்தப் பேருன்னு கேக்காதீங்க, அது என் பர்சனல்."

"எவ்ளோ பேரு பார்த்திருக்காங்க பாருங்கக்கா. நம்ம காஞ்சிபுரத்து ஆளு!" என்று கீர்த்தி சிரித்தாள். பிறகு சங்கரியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அந்தத் தொடரைச் சங்கரியும் தேவேந்திரனும் கல்யாணமான புதிதில் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டாரோடு இருந்தார்கள். அவன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் இது எப்படித்தான் முடியும் என்று வாக்குவாதம். மாமியார் சமையல்கட்டிலிருந்து, "பொணத்தைப் பத்திப் பேசிக்கினு சோறு துன்றீங்களே" என்று திட்டுவார். அவர்களுக்குச் சிரிப்பாக வரும்.

பிறகு சங்கரி உண்டானாள். ஏழாம் மாதம் குழந்தையின் அசைவு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் பிறந்தபோது அது பெண். மூச்சு இல்லை. தலை நிறைய முடி, காதை மூடுகிற அளவுக்கு. நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்தாள். சங்கரி மடியில் வைத்துக்கொண்டு அந்த முடியைத் தடவிக்கொண்டிருந்தாள். தேவேந்திரன் வராந்தாவிலேயே நின்றான். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அவன் அண்ணன்தான் வாங்கிக்கொண்டு போய்ப் பாலாற்றங்கரையில் புதைத்துவிட்டு வந்தான்.

குழலி என்று அவள் பெயர் வைத்தாள். அதைத் தேவேந்திரனிடம் மட்டும்தான் சொன்னாள்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, மறுபடியும் அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் திடீரென்று சொன்னாள்: "மில்லி வரமாட்டா. அவ பொறக்கும்போதே செத்துட்டா. ஹெலனுக்கும் அது தெரியும்." தேவேந்திரன் டிவி சத்தத்தைக் குறைத்தான். அவளே தொடர்ந்தாள். "அம்மா இங்க இருக்கேன்னு சொல்றாளே தவிர, நீ எங்க இருக்கேன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்காளா? அவ பையில இருக்கிற கொழந்தை ஷூவோட அடியைப் பார்த்தீங்களா, மண்ணே ஒட்டலை. அவ தேடலைங்க. பேசிக்கினு இருக்கா, அவ்ளோதான்."

அதற்கப்புறம் வீட்டில் அவள் குழலியின் பெயரை எடுத்தாலே எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புத்தி பிசகிவிட்டது என்று மாமியார் சொன்னார். மந்திரித்துவிட ஓர் ஆளிடம் அழைத்துப் போனார்கள். வேப்பிலையால் அடித்தான் அந்த ஆள். தேவேந்திரன் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றோடு சங்கரி கிளம்பிவிட்டாள். செவிலிமேட்டில் ஒரு வீடு பார்த்துத் தனியாக இருந்தாள். டவுன் பஸ் பிடித்து வேலைக்குப் போய் வந்தாள்.

இப்போது அவள் டிசைன் சென்டரின் மாடிப்படியில் நின்று அவனுக்குப் போன் போட்டாள்.

"ஹலோ, சங்கரியா?" குரலில் சந்தோஷமே தெரிந்தது.

"அந்தப் பேரை எதுக்குச் சொன்னீங்க?"

"எந்தப் பேரு?"

"எந்தப் பேருன்னு என்னைக் கேக்குறீங்களா?"

அவன் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "இன்னா சங்கரி இப்போ? எனக்கும் பொண்ணுதானே அது? நான் அப்பன் இல்லியா? எனக்கு மட்டும் மனசு கிடையாதா?" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றே பேசிப் பழகியவள் அவள். அன்றைக்கு அது போனது.

"கொழந்தையே கிடையாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்கியே. அப்புறம் யாருக்கு நீ அப்பன்?"

"அது ஹெலனைப் பத்திம்மா..."

"யாரைப் பத்தின்னு எனக்குத் தெரியும். நான் சொன்னதை எடுத்துக்கினு போயி, அதுல எனக்கே மெண்டல்னு பேரு வெச்சிருக்க. எடு அதை. இன்னைக்கே எடு."

"ஞாயித்துக்கெழமை ரசிகர் கூட்டம் இருக்குது சங்கரி. அது முடியட்டும். இப்போ எடுத்தா அசிங்கமாயிடும்பா."

அவள் போனை வைத்தாள். இந்த ஊரில் அடுத்தவன் போட்ட பார்டரை எடுத்து அன்னப்பட்சியைக் கொஞ்சம் திருப்பி வைத்துத் தன்னுடையது என்று ஓட்டினால், தறிக்காரர்கள் அவன் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். இதற்கு எந்த வாசலில் போய் நிற்பது? படியில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

கீர்த்தியிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னாள். கீர்த்தி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கூட்டத்துக்கு எங்கிட்ட பாஸ் இருக்குதுக்கா. ரெண்டு பேரு போவலாம்" என்றாள்.

கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் செவிலிமேட்டில் மொபைல் கடை வைத்திருக்கும் கிறிஸ்டோபர். அவருடைய கடைக்கு மேலே இருந்த ஹாலில் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கே நாற்காலி நிறைந்துவிட்டது. பையன்கள் முகத்தில் சாம்பல் கலர் பூசி, வாயோரம் சிவப்புச் சாயம் ஒழுகவிட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பிணம் மாதிரி காலை இழுத்து நடந்து செல்பி எடுத்தார்கள். சங்கரிக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

மேடையில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனர்தான் அவளை நிறுத்தியது. 'குழலி தியரி' என்று ஆளுயர எழுத்து. ஒவ்வொரு எழுத்திலிருந்தும் ரத்தம் சொட்டுகிற மாதிரி வரைந்திருந்தார்கள்.

காதை மூடிய அந்த முடி அவள் விரலுக்கு ஞாபகம் வந்தது.

தேவேந்திரன் பேசி முடித்துக் கைதட்டல் வாங்கினான். "கேள்வி இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் கிறிஸ்டோபர். சங்கரி கை தூக்கவில்லை. எழுந்து நேராக மேடைக்கு நடந்தாள். பேனரின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். கயிறு அறுந்து, பாதி பேனர் சரிந்தது.

"மேடம், மேடம், இன்னா பண்றீங்க?" கிறிஸ்டோபர் ஓடிவந்தார்.

"இது என் பொண்ணு பேருங்க."

அவர் தேவேந்திரனைத் திரும்பிப் பார்த்தார். தேவேந்திரன் கையில் மைக் இருந்தது. அவன் கூட்டத்தைப் பார்த்து மெதுவாக, இரக்கமான குரலில் சொன்னான்: "மன்னிச்சிடுங்க மக்களே. என் வொய்ஃபுதான். அவங்களுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை."

சங்கரி அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"எனக்கு ஒரு கேடும் இல்லை. நல்லாத்தான் இருக்கேன். இந்தத் தியரி நான் சொன்னது. சொன்னது நான்கிறதுக்காக இங்க வரலை. தப்பாச் சொல்லிக்கினு இருக்கான், அதுக்குத்தான் வந்தேன். கொழந்தை இல்லைன்னு யாரு சொன்னது? கொழந்தை இருந்தது. பொறந்தது. மூச்சு மட்டும் இல்லை. பெத்தவ பார்த்தா, தூக்கி வெச்சுக்கினா. ஹெலன் மெண்டல் இல்லை. இந்தத் தொடர்லயே கண்ணைத் திறந்துக்கினு இருக்கிறவ அவ ஒருத்திதான். கண்ணை மூடிக்கினு வராந்தாவுல நின்னவனுக்கு அது எப்படித் தெரியும்?"

பின்வரிசையிலிருந்து முகத்தில் சாம்பல் பூசிய ஒருவன் எழுந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டான்: "அப்போ பதில் வராதுன்னு தெரிஞ்சும் ஏன்க்கா பேசிக்கினே இருக்காங்க?"

"நீ கோயிலுக்குப் போனா பேசறது இல்லியா? பதில் வந்ததா?"

அவன் உட்கார்ந்துவிட்டான். கிறிஸ்டோபர் நாற்காலி மேல் ஏறி, பேனரின் மறுமூலைக் கயிற்றைத் தானே அவிழ்த்தார். தேவேந்திரன் மேடையின் ஓரத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் சங்கரி அவன் பக்கமாக இரண்டடி வைத்தாள். ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கீர்த்தி வந்து தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலமே அவன் வீடியோவிலிருந்து அந்தப் பெயரை வெட்டிவிட்டான். ஆனால் அதற்குள் அவள் பேனரை இழுத்துச் சரித்துவிட்டுப் பேசியதை எவனோ எடுத்துப் போட்டிருந்தான். அது ஊர் ஊராக ஓடியது. 'குழலி அம்மா மாஸ்' என்று எழுதினார்கள். 'குழலி தியரிதான் கரெக்ட், அம்மாவே சொல்லிட்டாங்க' என்று எழுதினார்கள். முன்பு அந்தப் பெயர் தெரியாதவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

சங்கரி ரசிகர் குழுவில் சேர்ந்தாள். அந்தப் பெயரை யார் எழுதினாலும், அதன் கீழேயே ஒரு பதில் அனுப்பினாள்: 'குழலி என் மகளின் பெயர். வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.' பஸ்ஸில் நின்றுகொண்டு அனுப்பினாள், டீ குடித்துக்கொண்டு அனுப்பினாள். சிலர் மன்னிப்புக் கேட்டு அழித்தார்கள். சிலர் கும்பிடுகிற கையைப் போட்டுவிட்டு அழிக்காமல் விட்டார்கள். ஒருவன் சிரிக்கிற முகத்தைப் போட்டான். அவனுக்கு அவள் அனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது.

கடைசி அத்தியாயம் வந்தது. கீர்த்தி வீட்டில் உட்கார்ந்து இருவரும் பார்த்தார்கள். ஹெலன் ரேடியோவைத் திறந்து, அம்மா கடற்கரையில் இருக்கிறேன் என்றாள். வழக்கம்போலக் கரகரவென்று சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல்: "அம்மா." புகைக்குள்ளிருந்து மில்லி நடந்து வந்தாள். இருபது வயது, அழகான தலைமுடி, மண் படாத வெள்ளைச் சட்டை. தாயும் மகளும் கட்டிக்கொள்ள, வயலின் வாசித்தார்கள்.

கீர்த்தியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சங்கரி ரிமோட்டைச் சோபாவில் எறிந்தாள்.

"பதினோரு சீசன் அவளை நடக்கவிட்டுட்டு, கடைசியில பொம்மை கொடுத்து அனுப்பிட்டானுங்க. எழுதினவனுக்குத் தைரியம் இல்லை கீர்த்தி."

அவள் வீட்டுக்குப் போகும்போது தேவேந்திரனிடமிருந்து செய்தி வந்தது. 'நம்ம தியரி தோத்துடுச்சு சங்கரி.' செவிலிமேட்டுத் திருப்பத்தில் பஸ் நின்றிருந்தது. 'நம்ம இல்லை, என்னுது' என்று எழுதி அனுப்பிவிட்டு, அந்த எண் மறுபடி வராதபடி அடைத்தாள்.

தோற்ற தியரியை யார் பேசுவார்கள்? ஒரு வாரம் எல்லோரும் முடிவைத் திட்டினார்கள். பிறகு வேறொரு தொடரைப் பிடித்துக்கொண்டார்கள். குழலி என்ற பெயர் குழுவிலிருந்து மெல்ல மறைந்தது. அவள் கேட்டது அதைத்தான். கிடைத்தபோது, இவ்வளவு சுலபமாக மறக்கத்தான் அவ்வளவு பெரிய எழுத்தில் போட்டீர்களா என்று மறுபடி ஆத்திரமாக வந்தது.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு வேளையில் குழுவைத் திறந்து அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தாள். கடைசியாக அதை எழுதியிருந்தது அவள்தான். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழுவிலிருந்து வெளியேறி, கையைக் கழுவிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.