கணபதியில் டேவிட் அண்ணன் பாடிய ஞாயிறு

மதுரையில் எங்கள் சபையின் வாலிபர் குழுவும் பாடகர் குழுவும் போன வருடம் என் பொறுப்புக்கு வந்தன. ஆட்கள் இருந்தார்கள், ஒட்டுதல்தான் இல்லை. "கோவையில கணபதிங்கற ஏரியாவுல ஒரு சபை இருக்கு, அங்க இருக்கற வாலிபப் பிள்ளைகளோட ரெண்டு நாள் இருந்துட்டு வா" என்றாள் தோழி. ஆடிக் காற்று வீசிய ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

மதுரையிலிருந்து கோவையின் சிங்காநல்லூர் பேருந்து நிலையம் சுமார் 215 கிலோமீட்டர். ஐந்தரை மணி நேரம் ஆனது. அங்கிருந்து காந்திபுரத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. காந்திபுரத்தில் ஆட்டோக்காரரிடம், "கணபதியில சர்ச்சுக்குப் போகணும்" என்றேன்.

"ரெண்டு மூணு இருக்குதுங்க அம்மணி. லேத் பட்டறைச் சந்துல இருக்கறதுங்களா? பாட்டுக் கேக்குமே, அதுங்களா?"

அதேதான். நூற்றைம்பது ரூபாய்.

தகரக் கூரை போட்ட சின்ன ஆலயம். மாலை ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வாலிபர் குழுத் தலைவி பிரின்சி, பம்பு கம்பெனியில் வேலை பார்ப்பவள், ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். மைக்குக்கு முன்னால் நின்றவர் டேவிட். ஆராதனை நடத்துபவர், பக்கத்துப் பட்டறையில் கடைசல் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். கணீரென்று பாடிக்கொண்டிருந்தவர், இரண்டாம் சரணத்தில் சட்டென்று நின்றுவிட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக்கை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிரின்சிதான் சொன்னாள்.

"ஏனுங்கக்கா, பைக்குல உழுந்து அண்ணனுக்குத் தலையில அடிங்க. நாம பேசறதெல்லாம் புரியுது, பதில் சொல்லத்தான் வார்த்தை வராது. ஆனா பாட்டு வருமுங்க. சில பேருக்கு அப்படித் தங்குமுன்னு டாக்டர் சொன்னாருங்க."

அதிலிருந்து இந்தப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு தினமும் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவருடைய இடது கையைத் தொடையில் தட்டவைத்துக் கூடவே பாடியிருக்கிறார்கள். "மொத வரி முழுசா வந்தன்னிக்கு நாங்கெல்லாம் அழுதுபோட்டோமுங்க" என்றாள். விபத்துக்குப் பிறகு அவர் ஆராதனை நடத்தப்போவது மறுநாள்தான் முதல்முறை. "இப்ப வருவாரோ மாட்டாரோ, தெரியலீங்கக்கா."

மறுநாள் காலை வந்தார். வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் வியர்வை. பாடத் தொடங்கினார். அதே இரண்டாம் சரணத்தில் அப்படியே நின்றார். அடுத்த வரி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சுற்றிலும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பிரின்சி மட்டும் தொடையில் மெல்லத் தாளம் தட்டினாள். பக்கத்தில் இருந்தவன் தட்டினான். பிறகு எல்லா வரிசையும் தட்டியது. டேவிட்டின் இடது கை அசைந்தது. வரி வந்தது.

பாட்டு முடிந்ததும் அவர் மைக்கை வைக்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தார். கையைத் தட்டித் தட்டி, அதே ராகத்தில், "ஜெ... மி... மா..." என்று பாடினார்.

விபத்துக்குப் பிறகு மகளின் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லையாம். அந்த ஐந்து வயதுக் குழந்தை பெஞ்சின் மேல் ஏறி நின்று, கூப்பிட்ட குரலுக்குப் பதிலாக, "ஏனுங்கப்பா!" என்றது.

அதன் பிறகு யாரும் பாடவில்லை. பாடும் நிலையில் யாரும் இல்லை. நான் எத்தனையோ பெரிய ஆலயங்களில் பாடியிருக்கிறேன். கடவுளுக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. குழுவை எப்படி நடத்துவது என்று பிரின்சியிடம் கேட்க வைத்திருந்த கேள்விகளைக் கேட்காமலே விட்டுவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு ஆராதனை காலை ஒன்பது மணிக்கு. சந்துக்குள் கார் நுழையாது, ஆட்டோவே நல்லது. முடிந்ததும் சாப்பிடாமல் விடமாட்டார்கள், அதனால் திரும்பும் பஸ்ஸை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக ஒன்று. டேவிட் அண்ணன் உங்களிடம் ஏதாவது சொல்ல வந்தால், அந்த வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். காத்திருங்கள்.

நான் கிளம்பும்போது டேவிட் அண்ணன் வழியனுப்ப ஆட்டோ அருகே வந்து நின்றார். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். நான் காத்திருந்தேன். கை தட்டாமல், ராகம் இல்லாமல், வெறும் பேச்சாக வந்தது.

"வா... ங்க."