மகளுக்கும் சேர்த்து நான் பேசிய காலம்

திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறேன். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அவர் கண் போகிற பக்கத்துப் புடவையை உருவி விரித்துவிடுவேன். "வேற கலர் இருக்கா?" என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு அது மானக்கேடு. கேட்பதற்கு முன்பே காட்டியிருக்க வேண்டாமா?

வீட்டிலும் அதே கைதான். என் மகளுக்கு மூன்று வயது முடிந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. அலமாரியைப் பார்த்தால் பிஸ்கட் கொடுப்பேன், கதவைப் பார்த்தால் செருப்பை மாட்டிவிடுவேன். பேசாவிட்டால் என்ன, அவள் மனசு எனக்குத் தெரியும் என்று பெருமை வேறு. நாக்கில் வசம்பு உரசித் தடவியாயிற்று. "நானே நாலு வயசுலதான் பேசினேனாம். சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்காத" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன! வருகிற ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். வயிறு வலித்தால்கூடச் சொல்லத் தெரியாத பிள்ளையை எப்படி விட்டுவிட்டு வருவது? அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காதைப் பரிசோதித்தோம். நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பிறகு விழுப்புரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் கூட்டிப்போனேன். நாக்குக்கு ஏதோ செய்வார் என்று நினைத்தால், அவர் என் போனை வாங்கிக்கொண்டு, "எப்பவும் போல பாப்பாகூட விளையாடுங்கக்கா" என்று வீடியோ எடுத்தார். நான் சொல்லிக்கொடுக்கும் அழகைப் பார்த்து அசந்து போகட்டும் என்று வெளுத்து வாங்கினேன்.

அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டார். "பாப்பா வாய மட்டும் பாருங்க."

பந்தைக் காட்டி நான் ஏதோ கேட்கிறேன். மகள் என்னைப் பார்க்கிறாள். உதடு பிரிகிறது. அதற்குள் நானே பதிலும் சொல்லிப் பந்தை அவள் கையில் திணிக்கிறேன். உதடு மூடிக்கொள்கிறது. அடுத்து பொம்மை. திரும்பவும் உதடு பிரிகிறது, திரும்பவும் நான். ஐயோ! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னாலதான் பேசலியா மேடம்?"

"அப்படியில்லக்கா. சில பிள்ளைங்களுக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும். ஆனா அவ முயற்சி பண்றா, நீங்க எடம் குடுக்கணும். ரெண்டு பொருளக் காட்டுங்க, பேரச் சொல்லுங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

நானாவது, பத்து எண்ணுவதாவது! மூன்றிலேயே கை தானாக நீண்டது. முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். வாராவாரம் ரயிலில் விழுப்புரம் போய்வந்தோம். முதலில் விரல் நீட்டினாள். சில மாதத்தில் பந்தைப் பார்த்து "ப்ப" என்று பாதி மட்டும் சொன்னாள்.

ஒரு நாள் காலை, ஒரு கையில் பாலும் மறு கையில் கேப்பைக் கூழும் வைத்துக்கொண்டு, "பாலா, கூழா?" என்று கேட்டுவிட்டு எண்ணினேன். எட்டு எண்ணும்போது பால் டம்ளரைத் தள்ளினாள்.

"வாணா."

முதல் முழு வார்த்தை அம்மா என்றுதான் வரும் என்று காத்திருந்தவள் நான். அது போகட்டும். ஒரு நாள் தவறாமல் இரண்டு வேளையும் நான் புகட்டிய பால் அது. என் பிள்ளைக்குப் பால் என்றால் உயிர் என்று கடையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். நம்ப முடியாமல் டம்ளரை மறுபடி நீட்டினேன்.

"வாணா!" இந்த முறை கோபம்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இந்த ஒரு வார்த்தையை இதற்கு முன் எத்தனை தடவை என்னிடம் சொல்ல வந்தாளோ.